ஊரிடம் பாடம் கேட்ட ஆசிரியர்

முன்னுரை

கட்டுரை எழுதுக என்று வகுப்பில் சொன்னவுடன் நம்மில் பெரும்பாலோர் தேடுவது கையேட்டைத்தான். கடற்கரைக் காட்சி என்றால் பொற்கதிர் பரப்பும் ஞாயிறும் வெண்ணுரை கக்கும் அலைகளும் தவறாமல் வந்து நிற்கும். மழைநாள் என்றால் கருமுகில் திரளும், மயில் ஆடும். கிள்ளையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாள்தோறும் பேருந்தில் வரும் மாணவர்கள்கூடக் கையேட்டில் உள்ள கடலைத்தான் எழுதுகிறார்கள். தம் வீட்டு வாசலில் இரைந்து கொண்டிருக்கும் கடல் அவர்கள் தாளில் ஏறுவதில்லை. நானும் அவ்வாறு எழுதியவன்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மாணவனை ஊருக்குள் அனுப்பி, அங்குள்ள முதியோரிடமும் தொழிலாளரிடமும் கேட்டறியச் செய்து, அறிந்ததை அவனே எழுதும்படி பழக்குவதை இக்காலக் கல்வியாளர் சமூகம் சார்ந்த கற்றல் என்று அழைக்கின்றனர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து மலைப்பகுதிப் பள்ளியொன்றில் 1966ஆம் ஆண்டு மாணவர்கள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, மரவீடு கட்டும் முறையையும் பழைய மருத்துவத்தையும் கேட்டெழுதி ஃபாக்ஸ்ஃபயர் என்னும் இதழை நடத்தத் தொடங்கினர். எழுத்துப் பாடத்தை வேம்பென வெறுத்த மாணவர்களே அதன்பின் எழுத்தாளர் ஆயினர் என்று வியந்து பேசுவர்.

வியக்கத்தக்கதே. ஆயினும் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே, நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் தமிழாசிரியர் ஒருவர், தமக்குத் தெரியாததை அறிய ஊருக்குள் நடந்து சென்று, தெருவில் வாழ்ந்த மக்களிடம் பாடம் கேட்டு, அதனை நூலாக்கினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவர்தாம் தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். ஏடு தேடி அலைந்தவர் என்று அவரை எல்லோரும் அறிவர். ஏட்டின் பொருளைத் தேடி மக்களிடம் சென்றவர் என்ற முறையில் அவர் வாழ்வை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் வளர்த்த மாணவர்

ஐயர் அவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த சூரியமூலையில், தம் தாயார் சரசுவதி அம்மையாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையரின் ஊர் உத்தமதானபுரம். உ. வே. என்னும் எழுத்துகளில் அவ்வூரும் அத்தந்தையும் இன்றும் வாழ்கின்றனர். தந்தையார் இசை வல்லவர். இராமாயணக் கதை சொல்லி அதனால் வருவதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாய் என்று ஒன்றும் இல்லை.

மைந்தனுக்கோ தமிழின்மேல் தீராத வேட்கை. அந்நாளில் தமிழ் கற்க வேண்டுமானால் கற்றவர் இருக்கும் ஊரைத் தேடிப் போக வேண்டும். ஆகவே அக்குடும்பம் அரியலூர், குன்னம், கார்குடி என ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. சென்ற இடத்தில் தந்தையார் கதை சொல்வார். ஊரார் நெல்லும் பிறவும் தந்து ஆதரிப்பர். மகன் அவ்வூரில் உள்ள தமிழறிஞரிடம் பாடம் கேட்பார். அரியலூரில் சடகோபையங்கார் தமிழ்ச்சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும் சொல்லிக் கொடுத்தனர். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக் காரிகையைக் கற்பித்தார். ரெட்டியாரோ நிலமுடைய வேளாண் குடியினர். பண்டிதர் என்று பட்டம் பெற்றவர் அல்லர். கலப்பை பிடிக்கும் குடியில் பிறந்தவரிடம் யாப்பிலக்கணம் கேட்ட அந்த இளம் பருவமே, அறிவு எங்கிருந்தாலும் அங்கே போய் உட்கார வேண்டும் என்னும் பழக்கத்தை ஐயருக்கு உண்டாக்கியிருக்க வேண்டும்.

பின்னர் 1871ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களை அடைந்தார். ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அப்பெருமகனாரின் நிழலாக இருந்தார். வேங்கடராமன் என்ற இயற்பெயர் மறைந்து சாமிநாதன் என்ற பெயர் நிலைத்தது அந்த ஆசிரியரால்தான். பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பேறும் அவருக்குக் கிடைத்தது. சைவ மடத்தின் ஆதீன வித்துவானாக விளங்கிய பிள்ளையவர்களிடம் சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியரும் பாடம் கேட்டனர். மதம் வேறு, பாடம் வேறு என்னும் பெருந்தன்மையை ஐயர் நூலில் படித்தறியவில்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் கண்டறிந்தார்.

மாயூரத்திலேயே நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் இசையும் பயின்றார். பிற்காலத்தில் வகுப்பில் செய்யுளை இராகத்துடன் பாடி மாணவரை மயக்கிய வன்மை இவ்வாறு வந்ததே. பிள்ளையவர்கள் 1876 பிப்ரவரி முதல் நாள் இயற்கை எய்தினார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் ஐயரின் கல்வி தொடர்ந்தது.

கல்லூரி ஆசிரியர்

1880ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐயர் அவர்கள் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்பதவியிலிருந்து ஓய்வுபெற விரும்பிய தியாகராச செட்டியார், தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று முனைந்து நின்றார். கல்லூரித் தலைவர் கோபாலராவ் முன்னிலையில் செய்யுள்களுக்குப் பொருள் சொல்லித் தம் தகுதியைக் காட்டிய பிறகே வேலை உறுதியாயிற்று. திங்கள் ஊதியம் ஐம்பது ரூபாய். அகவை இருபத்தைந்து.

காவிரிக் கரையில் எழிலுற அமைந்த அக்கல்லூரி தென்னகத்தின் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்டது. அங்கே ஆங்கிலம் அரசோச்சிய காலம் அது. தமிழ் வகுப்பு என்றால் ஓய்வு வகுப்பு என்று கருதும் மனப்பான்மை கல்லூரிகளில் பரவலாக இருந்தது. அந்நிலையிலும் ஐயரின் வகுப்பு மாணவர் விரும்பிக் கேட்கும் வகுப்பாயிற்று. மடத்தில் கற்ற அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் ஆகியவற்றில் அவருக்கு ஈடு சொல்லத்தக்கவர் அக்காலத்தில் சிலரே. தமிழில் கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்றுவிட்டோம் என்று ஓர் இளைஞர் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை.

ஒரு வியாழக்கிழமை

அவ்வெண்ணத்தைத் தகர்த்தது 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. அன்று கும்பகோணத்தில் முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் ஒன்றன்பின் ஒன்றாக நூற்பெயர்களை அடுக்கினார். முதலியாரின் முகத்தில் வியப்போ மகிழ்ச்சியோ தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவி, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை; படித்த ஒருவரையும் அறிந்ததில்லை.

வேறொருவராயின், முன்சீபுக்குத் தமிழில் என்ன தெரியும் என்று உள்ளூர இகழ்ந்து, வீட்டிற்குப் போய் உறங்கியிருப்பார். ஐயரோ தம் அறியாமையை ஒப்புக்கொண்டார். முதலியார் தந்த சிந்தாமணிக் கையெழுத்துப் படியைப் பெற்றுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். தமிழுக்கு நல்ல காலம் பிறந்தது அந்த நாளில்தான் எனலாம்.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி பதின்மூன்று இலம்பகங்களையும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுள்களையும் உடைய பெருங்காப்பியம். நச்சினார்க்கினியர் உரை உடன் இருந்தது. எனினும் படிக்கப் படிக்க ஐயம் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. காரணம் தமிழறிவின் குறைவன்று. அது சமண நூல். அருகக் கடவுளின் சிறப்புகள், உயிர்களின் வகை, வினைகளின் பாகுபாடு, துறவியர் ஒழுக்கம் எல்லாம் சமண சமய வழக்கில் சொல்லப்பட்டிருந்தன. அகராதியில் அவை இல்லை. மடத்தில் சொல்லித் தருவார் இல்லை. யாரைக் கேட்பது?

சமணர் தெருவில்

விடை அவர் நாள்தோறும் நடமாடிய நகரத்திலேயே இருந்தது! கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் சில வாழ்ந்து வந்தன. அவர்களுள் சந்திரநாத செட்டியார் என்பவரின் வீட்டிற்கு ஐயர் சென்றார். வாயிலில் கோலமும் தோரணமும் விளங்கின. விழா ஏதேனும் உண்டோ என்று கேட்டபோது, பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்து வந்து அன்று நிறைவு செய்ததாகவும், அதற்கான சிறப்பே அது என்றும் அறிந்தார்.

ஐயர் அடைந்த வியப்பை எண்ணிப் பாருங்கள். எந்த நூலைத் தமிழ்நாட்டில் படித்தவர் எவருமில்லை என்று அவர் நினைத்திருந்தாரோ, அந்த நூல் நாலைந்து தெரு தள்ளி ஒரு வீட்டுக் கூடத்தில் ஆண்டுதோறும் படிக்கப்படும் வழிபாட்டு நூலாக உயிரோடு இருந்தது. கற்றவர் உலகத்திற்குத்தான் அது செத்த நூல். கல்லூரிக்கும் அத்தெருவுக்கும் இடையில் இருந்த தொலைவு சிறிது. ஆனால் அதை நடந்து கடந்தவர் அதுவரை எவருமில்லை.

அன்று முதல் ஐயர் அவ்வீட்டின் மாணவரானார். பகலில் கல்லூரியில் ஆசிரியர். ஓய்ந்த நேரத்தில் சமணர் வீட்டுத் திண்ணையில் மாணவர். தமக்கு விளங்காத சொல்லையும் மரபையும் கேட்பார். அவர்கள் கூறியதைக் குறித்துக்கொள்வார். நச்சினார்க்கினியர் உரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மீண்டும் சென்று கேட்பார். வீடூர் அப்பாசாமி நயினார் என்பவரின் பழக்கமும் ஏற்பட்டது. வீடூர் திண்டிவனத்தை அடுத்தது. 1993 வரை நம் பகுதியையும் உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே நம் மாவட்டத்து மைந்தர் ஒருவருக்கும் சிந்தாமணிப் பதிப்பில் பங்கு உண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம்.

சைவ மடத்தில் பயின்று, நீறணிந்து வந்த ஓர் அந்தணர் இத்துணை ஆர்வத்துடன் தம் நூலைக் கேட்பது கண்டு அச்சமணர்கள் நெகிழ்ந்தனர். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிரைப் பவ்ய ஜீவன் என்பது அவர்கள் வழக்கு. அச்சொல்லை ஐயருக்கே வழங்கினர். பல்கலைக்கழகம் தந்த டாக்டர் பட்டத்திற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர்த் தெரு தந்த பட்டம் அது.

உரையாசிரியர் நச்சினார்க்கினியரைப் பற்றியும் இவ்வாறே ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் முதலில் எழுதிய சிந்தாமணி உரையைச் சமணர் ஏற்கவில்லையாம். பின்னர் அவர் சிற்றாமூருக்குச் சென்று, சமணரோடு சமணராக வாழ்ந்து, அவர்தம் நூல்களைக் கற்று, உரையைத் திருத்தி எழுதினாராம். அச்சிற்றாமூரும் பழைய தென்னார்க்காட்டில் உள்ளதே. செய்தி வரலாறாயினும் கதையாயினும் அது உணர்த்தும் உண்மை ஒன்று. ஒரு மக்கள் கூட்டத்தின் நூலை எழுத வேண்டுமானால் அம்மக்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

சிந்தாமணி வெளிவருதல்

இதில் இடர் இல்லாமல் இல்லை. சமண நூலைச் சைவர் கையால் தொடலாமா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அந்த எண்ணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. சோழ மன்னன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தான் என்றும், அவன் மனத்தை மாற்றவே சேக்கிழார் தில்லைக்கு வந்து ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்து பெரியபுராணத்தை இயற்றினார் என்றும் சேக்கிழார் புராண மரபு கூறுகிறது. அத்தகைய மரபில் ஊறிய ஒருவர் சிந்தாமணியைப் பதிப்பிக்க முன்வந்தது எளிய செயலன்று. ஆதரித்து வந்தவர்களின் மனக்கசப்பு, கடன், உடல் தளர்ச்சி ஆகிய எல்லாவற்றையும் அவர் எதிர்நோக்க வேண்டியிருந்தது. விடுமுறைதோறும் சென்னைக்குச் சென்று அச்சுப்படிகளைத் திருத்தினார். பல ஊர்களிலிருந்தும் ஏடுகளைத் தருவித்துப் பாடம் ஒப்பிட்டார்.

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. நூலின் கதையையும் ஆசிரியர் வரலாற்றையும் எளிய உரைநடையில் எழுதிச் சேர்த்தார். ஏடு கொடுத்தவர்களையும் பொருளுதவி செய்தவர்களையும் தம் பதிப்புகளில் நன்றியுடன் பெயர் சொல்லிக் குறிப்பது அவர் வழக்கம். பிறரிடம் கேட்டறிந்ததைத் தம் சொந்தச் சரக்குப்போல் காட்டும் சிறுமை அவரிடம் இல்லை. இது நாம் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று.

அதனைத் தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் வெளிவந்தன.

வெட்டுப்பட்ட மரம்

மக்கள் வாயிலாக நூற்பொருள் துலங்கிய இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இடையன் எறிந்த மரம் என்று பழந்தமிழில் ஓர் உவமை வரும். சிந்தாமணியிலும் அக்கருத்து வருகிறது. எறிதல் என்றால் வெட்டுதல். இடையன் வெட்டிய மரத்திற்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு? யார் வெட்டினாலும் மரம் மரந்தானே?

இந்த ஐயம் ஐயரின் நெஞ்சில் நெடுநாள் கிடந்தது. ஒருமுறை வழிப்பயணத்தில், உடன் வந்த ஒருவரின் பேச்சில் நாட்டுப்புறப் பழமொழி ஒன்று வந்து விழுந்தது: இடையன் வெட்டு அறாவெட்டு. ஆடு மேய்ப்பவன் தழைக்காகக் கிளையை வெட்டும்போது அடியோடு துணிக்க மாட்டான். கிளை ஒடிந்து தொங்கும். ஆடு எட்டித் தின்னும். ஆனால் பட்டையும் சிறிது மரமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கிளை முற்றும் பட்டுப்போகாது, மீண்டும் தழைக்கும். மரத்தை அழிக்காமல் பயன்கொள்ளும் ஆயர் குலத்தின் அறிவு அது. அதைக் கேட்ட நொடியில் உவமை ஒளிபெற்றது. சாகவும் இல்லை, வாழவும் இல்லை என்னும் துயர நிலையைக் குறிக்கவே புலவர் அதனை எடுத்தாண்டிருக்கிறார்!

நிகண்டுகள் சொல்லாததை ஆட்டுக்காரன் வீட்டுப் பழமொழி சொல்லிற்று. இதனை ஐயர் மறைக்கவில்லை. இடையன் எறிந்த மரம் என்ற தலைப்பில் பின்னாளில் ஒரு கட்டுரையாகவே எழுதி மகிழ்ந்தார்.

கேட்க ஆளில்லாதபோது

ஊரைக் கேட்டால் எல்லாம் கிடைத்துவிடுமா என்று சிலர் வினவலாம். நல்ல வினா. அதற்கும் ஐயரின் வாழ்வே விடை தருகிறது.

மணிமேகலையை எடுத்தபோது அவர் திகைத்து நின்றார். சிந்தாமணிக்குச் சமணர் தெரு இருந்தது. மணிமேகலைக்குப் பௌத்தர் தெரு இல்லை. ஒரு காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் காஞ்சியிலும் ஓங்கி வளர்ந்திருந்த பௌத்தம் தமிழகத்தில் அடியோடு மறைந்து போயிருந்தது. கேட்பதற்கு ஒரு திண்ணைகூட இல்லை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் துணைக்கு வந்தார். பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து அவர் பொருள் சொல்ல, ஐயர் கேட்டுத் தெளிந்தார். தமிழ்க் காப்பியத்தின் கருத்தை ஆங்கில நூல் வழியாக அறிய நேர்ந்தது காலத்தின் கோலமே. 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது புத்தர் வரலாறும் பௌத்த தருமமும் உரைநடையில் எழுதப்பெற்று உடன் வந்தன.

கரிவலம்வந்தநல்லூரில் நேர்ந்தது இன்னும் கொடியது. அவ்வூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் ஆவலோடு சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னார்கள். கேட்டவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

ஒருவர் கேட்கப் போகும்வரை அறிவு காத்திருக்கும் என்பது உறுதியன்று. கும்பகோணத்துச் சமணர் காத்திருந்தனர். கரிவலம்வந்தநல்லூர் ஏடுகள் காத்திருக்கவில்லை. நாம் நாளைக்குக் கேட்கலாம் என்று ஒத்திப்போடும் செய்தி நாளைக்கு இருக்குமா?

சிதம்பரத்தில்

1903இல் ஐயர் அவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் அரசு மகாமகோபாத்தியாய என்ற பட்டத்தை அளித்தது. ஓய்வுக்குப் பின்னும் ஓயவில்லை. அந்நிலையில்தான் நம் ஊரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது.

அண்ணாமலை செட்டியார் அவர்கள் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதன் தொடர்பாக மீனாட்சி தமிழ்க் கல்லூரியும் தோன்றியபோது, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்க ஐயர் 1924இல் இங்கு வந்தார். அப்போது அகவை அறுபத்தொன்பது. 1927 வரை அப்பொறுப்பில் இருந்தார். இக்கல்வி நிலையங்களே ஒன்றுகூடி 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தன. இன்று அண்ணாமலை நகரில் வானளாவ நிற்கும் கட்டடங்களைக் காணும்போது, அவற்றின் வேர்களுள் ஒன்று அம்முதியவரின் வகுப்பறை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இதில் ஓர் இனிய முரண் உண்டு. சிந்தாமணிக்கு மாற்றாகப் பெரியபுராணம் எழுந்த தலம் என்று மரபு சொல்லும் இதே தில்லைக்கு, சிந்தாமணியை மீட்டுத் தந்த சைவர் தமிழ்க் கல்லூரித் தலைவராக வந்தார். அவர் வந்த 1924ஆம் ஆண்டிலேயே, கொங்குவேளிர் இயற்றிய மற்றொரு சமணக் காப்பியமான பெருங்கதையும் அவர் பதிப்பாக வெளிவந்தது. அந்நாளில் பகை எனப்பட்டவை இரண்டும் அவர் மேசையில் அருகருகே இருந்தன. இரண்டும் தமிழ்தாமே!

எழுபதுக்கு மேல் ஓர் எழுத்தாளர்

சென்னைக்குத் திரும்பிய பின்னர் ஐயர் அவர்களின் வாழ்வில் ஒரு புதிய இயல் தொடங்கியது. பதிப்பாசிரியர் உரைநடை எழுத்தாளரானார். செய்யுளே தமிழ் என்று கருதிய தலைமுறையில் பிறந்து வளர்ந்தவர், எழுபது அகவைக்கு மேல், பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் தெளிந்த உரைநடையில் எழுதலானார். தம் ஆசிரியரின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். இசைவாணர், ஊர்ப்பெரியவர், ஏழைப் புலவர் எனத் தாம் பழகிய மாந்தரைப் பற்றிக் கட்டுரைகள் பல எழுதினார். அவற்றின் தொகுதி ஒன்றுக்கு நான் கண்டதும் கேட்டதும் என்று பெயர். இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு உண்டா? அவர் எழுத்தின் இலக்கணமே அதுதான். கண்டது, கேட்டது. கையேட்டில் படித்தது அன்று.

1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. 1940 முதல் ஆனந்த விகடனில் என் சரித்திரம் வாரந்தோறும் வெளிவந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலும், கதை சொன்ன தந்தைக்கு ஊரார் அளந்த நெல்லும், சமணர் வீட்டுத் தோரணமும் அதில் உயிர் பெற்றன. ஒரு காலத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதியவருக்கு, முதுமையில் கி. வா. ஜகந்நாதன் போன்ற மாணவர் எழுத்துப் பணியில் துணைநின்றனர். அவ்வரலாறு முற்றுப்பெறுவதற்கு முன்பே, 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் ஐயர் அவர்கள் காலமானார். அவர் திரட்டிய ஏடுகளும் நூல்களும் 1943இல் அவர் பெயரால் தோன்றிய நூல்நிலையத்தின் வழியே சென்னையில் இன்றும் காக்கப்படுகின்றன.

முடிவுரை

ஐயர் அவர்கள் தம் மாணவரைத் தெருவுக்கு அனுப்பிக் கட்டுரை எழுதச் செய்தார் என்று நான் கூறவில்லை. அக்காலப் பாடமுறை அதற்கு இடம் தந்திராது. ஆனால் மாணவருக்குச் சொல்ல வேண்டியதை ஆசிரியராகிய தாமே செய்து காட்டினார். தெரியாது என்று ஒப்புக்கொள்ளல், தெரிந்தவரைத் தேடிப் போதல், அவர் எக்குடியினராயினும் எம்மதத்தினராயினும் அவர் திண்ணையில் மாணவராக அமர்தல், கேட்டதைக் குறித்தல், நூலோடு ஒப்பிடல், பின்பு எழுதல், கற்பித்தவரை நன்றியோடு கூறல் என்னும் இவையே அவர் கைக்கொண்ட படிகள். சமூகம் சார்ந்த கற்றல் என்று இன்று சொல்லப்படுவதில் இவற்றிற்கு மேல் என்ன இருக்கிறது?

1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிகளில் இயங்கி வருகிறது. முகாமுக்குப் போகிறோம்; சாலை போடுகிறோம்; மரம் நடுகிறோம்; திரும்பி வருகிறோம். அவ்வூர் மக்களிடம் நாம் பாடம் கேட்டதுண்டா? புவனகிரியில் தறி ஓடுகிறது. நெசவாளர் வாயில் வழங்கும் சொற்களை எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்? பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைப் பார்க்க வெளிநாட்டார் வருகின்றனர். அக்காட்டின் ஓடைகளைக் கைரேகைபோல் அறிந்த படகோட்டியிடம் நாம் என்ன கேட்டோம்?

சென்ற ஆண்டு நண்பர் ஒருவருடன் கிள்ளைப் பக்கம் போயிருந்தேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், அன்று ஏன் கடலுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லும்போது காற்றின் பெயர்களைச் சொன்னார். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். வாடையையும் கொண்டலையும் நான் சங்க இலக்கியப் பாடத்தில், அருஞ்சொற்பொருள் என்ற தலைப்பின் கீழ், மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருந்தேன். அவருக்கோ அவை அருஞ்சொற்கள் அல்ல. அன்றைய அடுப்பு எரியுமா எரியாதா என்பதைத் தீர்மானிக்கும் சொற்கள். அவர் பள்ளிக்குப் போனதில்லையாம். நாணத்தால் என் தலை தாழ்ந்தது. கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாயிலில் நின்ற இளம் ஆசிரியரை அப்போதுதான் நான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

மாணவ நண்பர்களே! அடுத்த கட்டுரைப் பயிற்சிக்குக் கையேட்டைத் திறக்குமுன் வீட்டுப் பாட்டியிடம் ஒரு சொல் கேளுங்கள். தறிக்காரரிடம், மீனவரிடம், உழவரிடம் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே! கேட்டெழுதி வரும் கட்டுரை கையேட்டுக் கட்டுரையைப்போல் பளபளப்பாக இராது. சொற்பிழையும் சந்திப்பிழையும் மலிந்திருக்கும். அவற்றைத் திருத்துங்கள், ஆனால் அதில் உள்ள கடலைத் திருத்திவிடாதீர்கள்.

இன்னும் எத்தனை சிந்தாமணிகள் நாலைந்து தெரு தள்ளி, யாரேனும் வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கின்றனவோ! அவை காத்திருக்கும் காலம் முடிவதற்குள் நாம் புறப்பட வேண்டும். தமிழ்த் தாத்தாவுக்கு அவர் தலைமை தாங்கிய இம்மண்ணின் மாணவர்கள் செலுத்தத்தக்க நன்றி அதுவே ஆகும்.